சாட்ஸ்வொர்த் பூங்காவில் ஒரு முழு நாள் நடை: பாஸ்லோவிலிருந்து கிளம்பி பாஸ்லோவுக்கே திரும்பும் வழி

இங்கிலாந்தில் டெர்பிஷையரில் இருக்கிற சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு நிறையப் பேர் போகிறார்கள். காரை நிறுத்தி, டிக்கெட் வாங்கி, அறை அறையாகச் சுற்றி, தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு, கடையில் ஜாம் பாட்டில் வாங்கிக் கிளம்பிவிடுகிறார்கள். மாளிகையைச் சுற்றி ஏறத்தாழ 1000 ஏக்கர் பூங்கா நிலம் இருக்கிறது, நடுவே டெர்வென்ட் ஆறு ஓடுகிறது, இரண்டு பக்கமும் அலை அலையாகக் குன்றுகள், அத்தனையும் நடந்து பார்க்க ஒரு காசு தர வேண்டாம். என்னைக் கேட்டால் சாட்ஸ்வொர்த்தின் மிகப் பெரிய கலைப்பொருளே அந்தப் புல்வெளிதான். பார்த்தால் இயற்கை மாதிரித் தெரியும், ஆனால் ஆற்றின் அகலம், மரக்கூட்டங்கள் நிற்கும் இடம், ஊர் எங்கே தெரிய வேண்டும், எங்கே தெரியக் கூடாது என்பது வரை மனிதர்கள் முடிவு செய்து உருவாக்கியது. அது நடந்தால்தான் பிடிபடும், அதுவும் சரியான திசையில் நடந்தால்.

நான் சொல்லப்போகும் வழி பாஸ்லோ என்ற ஊரில் தொடங்கி அங்கேயே முடிகிறது. எல்லாம் சேர்த்து 13, 14 கிலோமீட்டர் வரும். இரண்டு நல்ல ஏற்றங்கள் உண்டு, இரண்டும் 100 மீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய. சாப்பாடு, வேடிக்கை எல்லாம் சேர்த்து ஐந்தாறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாதியில் முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளம்பும் முன்

முதலில் வரைபடம். போனில் கூகுள் மேப்ஸ் இருக்கிறதே என்று கிளம்பாதீர்கள், வயல் நடுவே போகிற பாதைகள் அதில் சரியாகத் தெரியாது, பள்ளத்தாக்கில் சிக்னலும் அடிக்கடி போய்விடும். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்புளோரர் வரிசையில் ஓஎல் 24 என்ற தாள் இந்தப் பகுதிக்கானது. அளவு 1:25,000, அதாவது தாளில் 4 சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். அவர்களுடைய ஆப் மூலம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டாலும் சரி. அந்தத் தாளில் சின்னச் சின்னப் பச்சைக் கோடுகளாகப் போவது நடப்பவர்களுக்கான பொதுப்பாதை, நீளமான பச்சைக் கோடுகளாகப் போவது குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்த பாதை. நிலத்தில் பார்த்தால் முதல் வகைக்கு மஞ்சள் அம்புக்குறி, இரண்டாவது வகைக்கு நீல அம்புக்குறி வேலிக்கம்பத்தில் அடித்திருக்கும்.

இந்தப் பாதைகளைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நிலம் மாளிகைக் குடும்பத்தின் தலைவரான டெவன்ஷயர் டியூக்குடையதாக இருந்தாலும் பொதுப்பாதையில் நடப்பது உங்கள் உரிமை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 1949-இல் வந்த சட்டம்தான் ஊர் ஊராக இந்தப் பாதைகளைப் பதிவு செய்ய வைத்தது, அதே சட்டத்தின் கீழ் 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது, சாட்ஸ்வொர்த் அதற்குள்தான் வருகிறது. அதற்கும் முன்னால் 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி, இங்கிருந்து வடமேற்கே இருக்கும் கிண்டர் ஸ்கவுட் மலையில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி ஏறினார்கள், அதில் சிலர் சிறைக்கும் போனார்கள். அந்த மலையில் ஒரு பகுதி அப்போது இதே சாட்ஸ்வொர்த் டியூக்கின் வேட்டை நிலம். இன்று பூங்காவில் ஆற்றுக்கு மேற்கே பாதையை விட்டு விலகிக்கூட நாம் சுதந்திரமாக நடக்கிறோம் என்றால், அதன் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது.

அடுத்தது செருப்பு, ஷூ விஷயம். வறண்ட கோடையில் நல்ல பிடிப்புள்ள சாதாரண ஷூ போதும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை கணுக்காலை மூடும் வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் இல்லாமல் வராதீர்கள், வேலிக்கதவு இருக்கும் இடமெல்லாம் மாடும் ஆடும் மிதித்து மிதித்துச் சேறாகிக் கிடக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. மழைக்கோட்டு எந்த மாதமானாலும் பையில் இருக்கட்டும். வெளிச்சத்தையும் கணக்குப் போடுங்கள்: ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். குளிர்காலம் என்றால் காலை ஒன்பதரைக்காவது நடக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. வழியில் எட்ன்சரிலும் கால்ட்டன் லீஸிலும் மாளிகையின் பழைய குதிரைத் தொழுவத்திலும் காபி, கேக், சாண்ட்விச் கிடைக்கும், ஆனால் சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். எலுமிச்சை சாதமோ புளியோதரையோ ஒரு டப்பாவில் கொண்டுபோனால் கால்ட்டன் பாஸ்ச்சர்ஸ் மேட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், இந்த வழியில் அதைவிட நல்ல சாப்பாட்டு இடம் இல்லை.

போய்ச் சேர ஷெஃபீல்டுதான் வசதி. ரயிலில் வந்து இறங்கி, அங்கிருந்து பேக்வெல் போகிற 218 பேருந்தைப் பிடித்தால் பாஸ்லோ வழியாகத்தான் போகும். நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், ஞாயிற்றுக்கிழமையில் குறையும், அதனால் திரும்புகிற கடைசிப் பேருந்தின் நேரத்தை முந்தின நாளே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காரில் வந்தால் பாஸ்லோவின் நெதர் எண்டு பகுதியில் கட்டண நிறுத்தம் இருக்கிறது. நவம்பரில் மாளிகையில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் நாட்களில் மட்டும் காரில் வருவதைத் தவிர்த்துவிடுங்கள், சாலை அடைத்துக்கொள்ளும்.

பாஸ்லோவிலிருந்து மாளிகை வரை

நெதர் எண்டு நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கல்பாலம் இருக்கும், கீழே பார் புரூக் என்ற ஓடை. பாலத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்புங்கள். இந்தப் பக்கம் அபூர்வமான கூரை வேய்ந்த வீடுகள் சில அந்தச் சந்தில் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பூங்காவின் எல்லை. அங்கே சக்கர நாற்காலியும் நுழைகிற அளவுக்கு அகலமான ஒரு சுழல்கதவு. அதற்குள் கால் வைத்ததும் சத்தம் எல்லாம் அடங்கிவிடும்.

இங்கிருந்து மாளிகை வரை 2 கிலோமீட்டர் சொச்சம், தரை சமமாகத்தான் இருக்கும், வழி தவறவே முடியாது. ஆறு உங்கள் வலது கைப் பக்கம். ஆடுகள் மேயும், மரங்களின் அடிக்கிளைகள் எல்லாம் கத்தரித்த மாதிரி ஒரே உயரத்தில் முடியும், நன்றாகப் பாருங்கள்: ஆடு, மாடு, மான் எட்டிக் கடிக்கிற உயரம் அது. தோட்டக்காரர் யாரும் வெட்டவில்லை.

மாளிகை நெருங்கும்போது வலப்பக்கம் அகழி மாதிரி தண்ணீர் சூழ்ந்த ஒரு கல்மேடை, மேலே ஏற ஒரு படிக்கட்டு. குயின் மேரிஸ் பவர் என்று பெயர். ஸ்காட்லாந்து அரசி மேரியை முதலாம் எலிசபெத் சிறை வைத்திருந்த காலத்தில், 1569-க்குப் பிறகு பலமுறை சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் காற்று வாங்க இந்த மேடைக்கு வருவார் என்று சொல்வார்கள். அன்றைய மாளிகையில் இன்று மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம், இந்த மேடையும் மலைமேல் இருக்கிற ஒரு கோபுரமும்தான் முக்கியமானவை. கோபுரத்துக்குக் கடைசியில் போகிறோம்.

மாளிகையை இப்போது நின்று பார்க்க வேண்டாம், நேராகப் பாலத்துக்குப் போங்கள். ஏன் என்று பிறகு புரியும்.

பாலமும், நகர்த்தி வைத்த ஊரும்

இந்த நிலத்தை 1549-இல் வாங்கியவர்கள் வில்லியம் கேவண்டிஷும் அவர் மனைவி பெஸ்ஸும். இப்போது நிற்கிற மாளிகையின் பெரும்பகுதி அவர்கள் வழிவந்த முதல் டியூக் 1680-களின் கடைசியில் ஆரம்பித்துக் கட்டியது. அப்போது அதன் முகம் கிழக்கே, மலையைப் பார்த்து இருந்தது. நாலாவது டியூக்தான் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லாவற்றையும் மேற்கே, ஆற்றைப் பார்த்துத் திருப்ப முடிவு செய்தார். கேப்பபிலிட்டி பிரவுன் என்று பெயர் வாங்கிய நிலவடிவமைப்பாளரைக் கொண்டுவந்து, பழைய கட்டம் கட்டமான தோட்டங்களை அழித்துப் புல்வெளியாக்கி, தடுப்பணை போட்டு ஆற்றை அகலமாகக் காட்டி, குன்றுகளின் உச்சியில் மரம் நட்டார்கள். நீங்கள் நிற்கிற மூன்று வளைவுப் பாலம் ஜேம்ஸ் பெயின் என்ற கட்டடக் கலைஞர் 1760-களில் கட்டியது. அது நேர்க்கோட்டில் இல்லாமல் மாளிகைக்குச் சாய்வாக இருப்பதைக் கவனியுங்கள், வண்டியில் வருகிறவர்கள் பாலத்தைக் கடக்கும்போதே மாளிகையின் இரண்டு பக்கங்களையும் ஒருசேரப் பார்க்கிறார்கள்.

பாலத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் ஏறும் நடைபாதையைப் பிடித்தால் சின்ன மேட்டைத் தாண்டி பத்து, பதினைந்து நிமிடத்தில் எட்ன்சர். எழுத்தில் எட்ன்சர் மாதிரி இருந்தாலும் ஊர்க்காரர்கள் என்சர் என்றுதான் சொல்வார்கள், பேருந்தில் கேட்க நேர்ந்தால் அப்படியே கேளுங்கள். அந்த மேட்டில் ஏறும்போது வெயில் சாய்வாக விழுந்தால், காலையிலோ மாலையிலோ, புல்லில் வரிவரியாக மேடும் பள்ளமும் தெரியும். நூற்றாண்டுகளுக்கு முன் இது வயலாக இருந்தபோது ஏர் ஓட்டிய தடம் அது. பூங்காவாக்கியபின் யாரும் மறுபடி உழவில்லை, அதனால் அழியாமல் அப்படியே கிடக்கிறது. நடுப்பகல் வெயிலில் அது கண்ணுக்குப் படாது.

அந்த வயலை உழுதவர்களின் ஊர்தான் எட்ன்சர். சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த பழைய வீடுகள் மாளிகையிலிருந்து தெரிகின்றன என்று நாலாவது டியூக் காலத்திலிருந்தே இடிக்க ஆரம்பித்து, ஆறாவது டியூக் 1838 வாக்கில் மிச்ச வேலையை முடித்து, சாலைக்கு மேற்கே பள்ளத்துக்குள் புது ஊரைக் கட்டினார். வீட்டுக்கு வீடு வேறு வேறு பாணி, ஒன்றில் இத்தாலியக் கோபுரம், அடுத்ததில் சுவிஸ் கூரை, ஆனால் கதவுகளுக்கெல்லாம் எஸ்டேட்டின் அதே நீல நிறம். பழைய ஊரில் ஒரே ஒரு வீடு மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம், மதில் சூழத் தனியாக நிற்கிறது. அழகான ஊர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒருவருடைய ஜன்னல் காட்சிக்காக ஒரு ஊரே இடம் மாறியது என்பதை அந்த ஒற்றை வீட்டின் முன் நின்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

தேவாலயத்தின் பின்பக்கக் கல்லறை நிலத்துக்கு ஏறுங்கள். மேல்வரிசையில் கேவண்டிஷ் குடும்பத்தார் கல்லறைகள், பெரிய அலங்காரம் எதுவும் இல்லாத சாதாரணக் கற்கள். அதில் ஒன்று கேத்லீன் கென்னடியுடையது. அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் தங்கை. அவர் கணவர், டியூக்கின் மூத்த மகன், 1944-இல் பெல்ஜியத்தில் போரில் இறந்தார், இவர் 1948-இல் விமான விபத்தில் போனார். 1963 ஜூன் 29-ஆம் தேதி கென்னடி தங்கையைப் பார்க்க இங்கே வந்தார் என்று தரையில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அடுத்த ஐந்து மாதத்தில் அவரும் இல்லை.

அதே நிலத்தில் ஜோசப் பாக்ஸ்டனும் இருக்கிறார். தோட்டக்காரராக வந்து, புது எட்ன்சரை வடிவமைப்பதில் பங்கெடுத்து, பிறகு 1851-இல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் கட்டியவர். நமக்கு அவரிடம் இன்னொரு தொடர்பு உண்டு. 1830-களில் அவர் இங்கே கண்ணாடி வீட்டுக்குள் ஒரு குட்டை வாழையை வளர்த்துக் காய்க்க வைத்தார், டியூக்கின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார்கள். நம்மூர்த் தோட்டங்களில் தார் தாராக வெட்டுகிற மோரிஸும் ஜி9-உம் அந்த கேவண்டிஷ் இனத்தைச் சேர்ந்தவைதான்.

ஏற்றமும் மேய்ச்சல் மேடும்

தேவாலயத்தைத் தாண்டியதும் இடது பக்கம் இரண்டு வீடுகளுக்கு நடுவே செங்குத்தான கல்படிகள் இருக்கும், கொஞ்சம் ஒளிந்த மாதிரி, கவனிக்காவிட்டால் சாலையோடு நேரே போய்விடுவீர்கள், அது பேக்வெல் போகிற வழி. படியேறினால் திறந்த புல்வெளி. மேலே வரிசையாகத் தெரியும் காட்டை, நியூ பீஸ் உட், குறிவைத்து ஏறுங்கள். மூச்சு வாங்கும், நின்று நின்று போங்கள், நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பாருங்கள். தோட்டத்தின் எம்பரர் நீரூற்று ஓடுகிற நாளாக இருந்தால் மரங்களுக்கு மேலே வெள்ளைக் கம்பமாகத் தெரியும். ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸ் வருகிறார் என்று 1844-இல் பாக்ஸ்டன் அவசர அவசரமாக அமைத்தது, பேரரசர் வரவே இல்லை. பம்ப் எதுவும் கிடையாது. எதிர்மலையின் மேல் ஒரு ஏரி வெட்டி, அங்கிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரின் அழுத்தத்திலேயே மேலே பாய்கிறது, அதிகபட்சமாக 296 அடி வரை எழுந்ததாகப் பதிவு இருக்கிறது.

காட்டுக்குள் ஐந்து நிமிட நடைதான். அந்தப் பக்கக் கதவைத் திறந்ததும் கால்ட்டன் பாஸ்ச்சர்ஸ். பூங்காவின் திட்டமிட்ட அழகு முடிந்து, காற்று அடிக்கிற மொட்டை மேய்ச்சல் மேடு. சாப்பாட்டு டப்பாவை இங்கே பிரிக்கலாம். பிறகு கால்ட்டன் ஹவுஸஸ் என்று போட்டிருக்கும் திசையில் இடப்பக்கமாக, தெற்கே நடங்கள். காட்டோரமாக ஒரு மரவீடு தெரியும், ரஷ்யப் பாணியில் 1850-களில் கட்டியது, ஆள் தங்கும் இடம், பக்கத்தில் போக வேண்டாம்.

இந்த மேட்டில்தான் மாடுகளைச் சந்திப்பீர்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகக் கூடாது, சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள். நாய் கூட்டிவந்திருந்தால் கயிற்றிலேயே இருக்கட்டும், ஆனால் மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், அது நாயைத்தான் துரத்தும், நாய் தப்பித்துக்கொள்ளும். மானிடமும் நெருங்க வேண்டாம், செம்மான், புள்ளிமான் போன்ற ஃபாலோ மான் இரண்டும் இங்கே உண்டு. அக்டோபரில் ஆண்மான்கள் சண்டைபோடும் பருவம், 50 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள். மான் இருக்கும் இடத்தில் உண்ணியும் இருக்கும். கோடையில் உயரமான புல்லிலும் பெரணியிலும் நடந்திருந்தால், வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிறகு வரும் வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

எந்தக் கதவைத் திறந்தாலும் மூடுங்கள். திறந்தே கிடந்தது என்றால் திறந்தே விடுங்கள், விவசாயி காரணமாகத்தான் விட்டிருப்பார்.

ஆற்றோரமாக மாளிகையை நோக்கி

கால்ட்டன் ஹவுஸஸ் பண்ணை வீடுகளைத் தாண்டி மண்சாலையில் இறங்கினால் கால்ட்டன் லீஸ். தோட்டக் கடையும் கஃபேயும் இருக்கிறது. பூங்காச் சாலையைக் கடந்து, கார் நிறுத்தத்தின் பக்கமாக ஆற்றை நோக்கி இறங்குங்கள். இடிந்த மாவுமில் ஒன்று வரும், இதுவும் ஜேம்ஸ் பெயின் கட்டியதுதான், 1962 புயலில் மரம் சாய்ந்து உடைந்தது.

இனி ஆற்றை வலக்கையில் வைத்துக்கொண்டு வடக்கே நடக்க வேண்டியதுதான். இந்த 2 கிலோமீட்டருக்காகத்தான் வழியை இந்தத் திசையில் போடச் சொல்கிறேன். எதிர்த்திசையில் போனால் மாளிகை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இப்படி வந்தால் முதலில் ஒன்றுமே இல்லை, ஆறும் மரமும் மட்டும், பிறகு ஆறு வளையும் இடத்தில் மாளிகை தெரிய ஆரம்பித்து, அடிக்கு அடி பெரிதாகிக்கொண்டே வரும். மதியத்துக்குமேல் மேற்கு வெயில் அதன் முகத்தில் நேராக விழும், ஜன்னல் சட்டங்களில் பூசிய தங்கம் மின்னும். வேலியும் கண்ணில் படாது. தோட்டத்தின் எல்லையில் பள்ளம் வெட்டி அதற்குள் சுவர் கட்டியிருக்கிறார்கள், ஆடு உள்ளே போக முடியாது, பார்க்கிற நமக்கோ புல் நேராக மாளிகை வாசல் வரை போகிற மாதிரி இருக்கும். பிரவுன் நினைத்தது இந்தக் காட்சியைத்தான்.

பிள்ளைகளோ பெரியவர்களோ களைத்திருந்தால் பாலத்தைக் கடந்து, வந்த வழியே பாஸ்லோ போய்விடலாம். இல்லை, பெரிய ஏற்றமே வேண்டாம், முதல் பகுதி மட்டும் போதும் என்றால் பாஸ்லோ, எட்ன்சர், திரும்பல் என்று 6, 7 கிலோமீட்டரில் முடித்துக்கொள்ளலாம்.

வேட்டைக் கோபுரம்

தெம்பு இருக்கிறவர்கள் மாளிகையின் தொழுவக் கட்டடத்தைத் தாண்டி ஸ்டாண்டு உட் காட்டுக்குள் ஏறுங்கள். பெஸ் காலத்தில், 1580-களில் கட்டிய வேட்டைக் கோபுரம் மேலே நிற்கிறது, பெண்கள் அங்கிருந்து வேட்டையைப் பார்ப்பார்களாம். இப்போது வாடகைக்கு விடுகிறார்கள், உள்ளே போக முடியாது, ஆனால் அடியில் நின்றால் காலையிலிருந்து நடந்த வழி முழுக்க ஒரே பார்வையில்: பாலம், எட்ன்சரின் தேவாலய ஊசி, நியூ பீஸ் உட். கோபுரத்துக்குப் பின்னாலிருக்கும் ஏரியையும், நீரூற்றுக்கு அதிலிருந்துதான் தண்ணீர் வருகிறது, பார்த்துவிட்டு வரலாம். இறங்கும் படிகள் ஈரத்தில் வழுக்கும், இலையுதிர் காலத்தில் ரொம்பவே. முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் வண்டிப்பாதையிலேயே இறங்குங்கள். கீழே வந்ததும் காலையில் வந்த ஆற்றோரப் பாதை, அரைமணி நேரத்தில் பாஸ்லோ.

கால் பிசகினாலோ யாராவது விழுந்தாலோ 999 அழைத்து, முதலில் போலீஸ் கேட்டு, பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்லுங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே ஆப் காட்டும் கட்டக் குறியீட்டு எண்ணை வாசித்தால் அவர்களுக்கு இடம் தெரிந்துவிடும்.

ஒரு இரவு தங்க முடிந்தால் மறுநாள் பாஸ்லோ எட்ஜுக்குப் போங்கள். ஊருக்கு மேலே இருக்கும் மணற்கல் விளிம்பு, பார் ரோடு என்ற பழைய வண்டிப்பாதையில் முக்கால் மணி நேர ஏற்றம். 1866-இல் வைத்த வெலிங்டன் நினைவுச்சிலுவையும், தனியாக நிற்கிற ஈகிள் ஸ்டோன் பாறையும் அங்கே உண்டு. ஆகஸ்டில் போனால் ஹெதர் பூத்து மேடு முழுக்க ஊதாவாக இருக்கும். முதல் நாள் நடந்த பூங்காவைத் தெற்கே பார்க்கலாம், அதற்கு வெளியே இந்த மண் எப்படி இருந்திருக்கும் என்பதும் தெரியும். அங்கே காற்று அதிகம், கீழே வெயில் அடித்தாலும் ஒரு ஸ்வெட்டர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.